பதினொண்ணும் பன்னண்டும்

அந்த டாக்டரம்மா எப்படின்னா கேக்கறீங்க? கை எப்படின்னு கேக்கறீங்களா, ஆளு எப்படின்னு கேக்கறீங்களா? ரெண்டுக்கும் வேற வேற பதிலுங்க. சித்த இப்படி நெழலுக்கு வாங்க. உங்க குதிரை அந்தக் கம்பத்துலயே நிக்கட்டும், ஒண்ணும் ஆகாது. என்ற குதிரையை இப்பத்தான் உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. ஸ்கேன் பாக்கறதுக்கு. அரை மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

என்ற பேரு வையாபுரிங்க. அந்தியூர்ப் பக்கம். மஞ்சள், கரும்புதான் நம்ம வெள்ளாமை. குதிரை நம்ம ஆசைக்கு. ஏழு வருசத்துக்கு முந்தி ஆடிச் சந்தையில, ராஜஸ்தான்காரன் லாரியில இருந்து ரெண்டு பொட்டைக் குதிரை எறங்குச்சு. அக்கா தங்கச்சி. ரெண்டும் செவலை, ரெண்டுக்கும் நெத்தியில ஒரே அளவு வெள்ளை. நானும் என்ற மச்சினன் சாமியப்பனும் சேர்ந்துதான் போயிருந்தோம். மச்சினன்னா, ஊட்டுக்காரி துளசிமணிக்குத் தம்பி. நான் பல்லைப் பாத்துட்டு இருக்கறேன், அதுக்குள்ள அவன் ஒரு குதிரை மேல கையை வெச்சுட்டான். அது ஹீரா, அதுக்கு மட்டும் இடுப்புல ஒரு முடிச்சுழி. மிச்சம் இருந்தது எனக்கு. அது நூரி. பேரெல்லாம் வித்தவன் வெச்சதுங்க. மாத்திக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது.

நூரியும் நல்ல குதிரைதாங்க, குறை சொல்லலை. ரெண்டு குட்டி போட்டுக் குடுத்துச்சு. அப்பறம் மூணு வருசம் ஒண்ணும் இல்லை. எங்கே கூட்டிட்டுப் போனாலும் சினை நிக்கலை. வாலுக்குக் கீழ வெள்ளையா ஒழுகிட்டே இருக்கும். ஹீராவுக்கும் அதே சீக்கு. மொதல்ல ஒரே ஆண் குதிரைகிட்டத்தான் ரெண்டையும் விட்டோம், அங்கிருந்து ஒட்டிட்டு வந்திருக்கும். குட்டி போடாத குதிரைன்னு பேரு வந்துட்டா சந்தையில அதைப் பாக்கற பார்வையே வேறைங்க. தரகன் ஒருத்தன் என்ற ஊட்டு வாசல்லயே நின்னு, "கவுண்டரே, இதை வண்டிக்காரனுக்குத் தள்ளிவிடுங்க, மணல் இழுக்கும்"னான். நூரியை! மணலுக்கு! அன்னைக்கு நான் சாப்பிடலைங்க.

அப்பத்தான் இந்த டாக்டரம்மா எங்க ஊருக்கு முகாமுக்கு வந்துச்சு. பியூலான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். ஒல்லியா, சின்னப் புள்ளையாட்டம் இருக்கும், ஆனா தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பாக்கும்போது பாக்கணுமே, குதிரை அசையாது. ரெண்டையும் பாத்துட்டு சொல்லுச்சு, கர்ப்பப்பையில புண்ணு, ரெண்டுக்கும். மருந்து ஊசியெல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கிருமி அதுக்குப் பழகிப் போச்சு, நான் ஒரு ஆராய்ச்சி பண்றேன், சேர்றீங்களான்னு கேட்டுச்சு. ஓசோன் வாயு.

"வாயுவா? எங்கேம்மா விடுவீங்க?"ன்னேன்.

"கர்ப்பப்பைக்குள்ள அண்ணாச்சி. முதல்ல உப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டு, அப்புறம் கொஞ்சம் வாயு."

நானும் சும்மா ஆள் இல்லைங்க, கேள்வி கேட்டேன். இந்தக் கிருமி என்ன பண்ணுது, வாயு என்ன பண்ணும், எல்லாம். அது பொறுமையாத்தான் சொல்லுச்சு. உடம்புக்குள்ள கிருமி வந்தா அதை எரிக்க உடம்பு ஒரு தீயை மூட்டுமாம். மூட்டின தீ அணையாமயே கெடந்தா, கிருமியோட சேர்த்துக் கர்ப்பப்பையவும் எரிக்குமாம். இரும்பைத் துரு தின்னுதில்லீங்களா, அதாட்டம். ரத்தத்தை எடுத்துப் பாத்தா அந்தத் துரு எவ்வளவுன்னு தெரியுமாம். ஆக்சிஜன்னால வர்ற கெடுதிதாங்க அதெல்லாம்.

"ஏம்மா, ஓசோனும் ஆக்சிஜன்தானே? துருப்புடிக்க வைக்கறதையே உள்ளே விட்டா எப்படி?"ன்னு மடக்கினேன்.

அது சிரிச்சுச்சு. "நல்ல கேள்வி அண்ணாச்சி. கொஞ்சமாக் குடுத்தா உடம்பு முழிச்சுக்கிட்டு, தீயை அணைக்கிற வேலையை அதுவே ஆரம்பிக்கும். நிறையக் குடுத்தா கெடுதல். எது கொஞ்சம், எது நிறைய, உண்மையிலேயே பலன் இருக்கான்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. தெரியாததனாலதான் ஆராய்ச்சி."

பாருங்க, ஒரு டாக்டர் தெரியாதுன்னு சொன்னதை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

இருவது குதிரை. அதுல பத்துக்குத்தான் வாயு. மத்த பத்துக்கு வெறும் உப்புத் தண்ணிக் கழுவல். எந்தக் குதிரைக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கவருக்குள்ள வெச்சு ஒட்டிட்டாங்க. நமக்குச் சொல்ல மாட்டாங்க. ரத்தம் பாக்கறவங்களுக்கும் சொல்ல மாட்டாங்க. "வாயு கிடைக்காத குதிரைக்கு, ஆராய்ச்சி முடிஞ்சதும், பலன் இருக்குன்னு தெரிஞ்சா இலவசமாக் குடுத்துருவேன்"னு அந்தம்மா சொல்லத்தான் செஞ்சுச்சு. இல்லேங்கலை. ஆனா அது எப்ப முடியறது, நான் எப்ப பாக்கறது? நூரிக்கு வயசு என்ன கொறைஞ்சுட்டா வருது?

ஓய்வும் குடுக்கணும்னாங்க. பச்சைத் தீவனம் நெறைய, வண்டியில பூட்டக் கூடாது, ஓட்டக் கூடாது, ஓட்டினாலும் இந்தத் துரு ஏறுமாம். நான் பெருசா ஒண்ணும் ஓட்டலைங்க. தைப் பூசத்துக்கு ரெண்டே பந்தயம். அதுவும் நூரிக்கே ஆசை, கொட்டுச் சத்தம் கேட்டா நிக்காது.

மாசி பொறந்ததும் இங்கதான், இந்தக் கால்நடைக் காலேஜு ஆஸ்பத்திரியிலதான் கொண்டாந்து கட்டினோம். அதோ, அந்தத் தகரக் கொட்டகை. எட்டு நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்தியம், மொத்தம் மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுப்பாங்க. நூரி கழுத்துல பதினொண்ணாம் நம்பர் பட்டை, ஹீரா கழுத்துல பன்னண்டு. அவங்களுக்குக் குதிரை பேரெல்லாம் கணக்கில்லை, பட்டைதான் பேரு. "பதினொண்ணைக் கொண்டா, பன்னண்டைக் கொண்டா"ன்னு வேலைக்காரங்க வந்து அவுத்துட்டுப் போவாங்க. நம்மளை உள்ளே விட மாட்டாங்க.

உள்ளே விடலைன்னா என்ன, சன்னல் இருக்குதில்லீங்களா? பின்பக்கம் ஒரு சன்னல். நான் மொத நாளே அங்கே போயி நின்னுட்டேன். எட்டிப் பாக்க முடியாது, ஒசக்க இருக்குது. ஆனா காது கேக்கும், மூக்கு இருக்குது. நூரி உள்ளே போச்சு. மிசினு ஓடற சத்தம் கேட்டுச்சு, கொர்ருன்னு. வாசனை ஒண்ணும் இல்லை. அப்பறம் ஹீரா போச்சு. மிசினு ஓடுச்சு. சித்த நேரத்துல சன்னல் வழியா வருதுங்க ஒரு வாசம்! ஜெராக்ஸ் கடைக்குள்ள போனா அடிக்குமே, இடி இடிச்சு ஓஞ்சதும் காட்டுல ஒரு நெடி வருமே, அது. மூக்கைக் குத்துது.

எனக்குப் புரிஞ்சு போச்சு. வாயு ஹீராவுக்கு. நூரிக்கு வெறும் தண்ணி.

எப்படி இருக்கும் சொல்லுங்க? ஒரே லாரியில வந்தது, ஒரே சீக்கு. எதுலயும் அவனுக்குத்தான் நல்லது மொதல்ல போகுது. மாமனார் சொத்தைப் பாகம் பிரிச்சா அவனுக்கு வாய்க்காலை ஒட்டின நெலம். கெணறு வெட்டினா அவனுக்கு முப்பது அடியில தண்ணி. அவன் ஒண்ணும் கேக்கறதில்லைங்க, அதாங்க வயித்தெரிச்சல். சும்மா நிப்பான், வந்து விழும். அன்னைக்குச் சாயங்காலம் என்கிட்ட வந்து, "மச்சான், ரெண்டும் நல்லா ஆயிரும் மச்சான்"ங்கறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

டாக்டரம்மாகிட்டப் போயி மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம்னு நெனச்சேன். கேட்டா குடுக்குமா? சீட்டு, கவருன்னு பேசும். சரின்னு விட்டுட்டேன்.

ரெண்டாம் தடவை வைத்தியத்தன்னைக்கு மத்தியானம், வேலைக்காரங்க சாப்பிடப் போயிட்டாங்க. சாமியப்பன் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கியாறேன்னு வாசல் கேட்டு வரைக்கும் போயிருந்தான். கொட்டகையில நானும் ரெண்டு குதிரையும்தான். பட்டையில ஒரே ஒரு கொக்கிங்க. பதினொண்ணை அவுத்தேன், பன்னண்டை அவுத்தேன், மாத்திப் போட்டேன். ஒரு நிமிசம் ஆகலை. ஹீரா என்ற கையை நக்கிக் குடுத்துச்சு.

இதுல யாருக்கு நட்டம்? சொல்லுங்க. ஹீராவுக்கு ஒரு தடவை வாயு போயிருச்சு, மிச்சம் ரெண்டு நூரிக்கு. பங்கு போட்டுக்கிட்டோம். அப்படித்தாங்க நான் நெனச்சேன். சாமியப்பன் சோத்துப் பொட்டலத்தோட வந்தான், "மச்சான், உங்களுக்குப் புடிக்கும்னு வடை வாங்கினேன்"னான். சாப்பிட்டேன். என்ன பண்றது, வாங்கியாந்துட்டானே.

மூணு மணிக்கு வந்து, "பதினொண்ணு"ன்னு ஹீராவைக் கூட்டிட்டுப் போனாங்க. நான் சன்னல்கிட்ட ஓடினேன். மிசினு ஓடுது, வாசனை இல்லை. அப்பறம், "பன்னண்டு". நூரி போச்சு. வந்துச்சுங்க வாசம்! நெஞ்சு நெறைய இழுத்தேன். இருமல் வந்துருச்சு. இருமிக்கிட்டே சிரிச்சேன். மூணாவது தடவையும் அதே மாதிரிதான். எட்டாம் நாள் பட்டையெல்லாம் கழட்டி வாங்கிக்கிட்டு, ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க.

பங்குனியில ரெண்டையும் ஆண் குதிரைகிட்டச் சேர்த்தோம். இந்தத் தடவை டாக்டரம்மா சொன்ன எடத்துல, சீக்கு இல்லாத குதிரைகிட்ட. பதினாறாம் நாள் ஸ்கேன் பாக்க அதுவே மிசினைத் தூக்கிட்டு ஊருக்கு வந்துச்சு.

ஹீராவுக்கு நின்னிருச்சு. நூரிக்கு இல்லை.

இன்னொரு சுத்து சேர்த்துப் பாத்தோம். இல்லை. மூணாவது சுத்து. இல்லை. ஆடிச் சந்தைக்குச் சாமியப்பன் ஹீராவைக் கூட்டிட்டு வரலை, சினைக் குதிரையை அலைக்கக் கூடாதுன்னு. நான் மட்டும் நூரியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அந்தத் தரகன் அந்தப் பக்கமா வந்தானுங்க. நூரியோட வயித்தைப் பாத்தான், என்ற மூஞ்சியைப் பாத்தான், போயிட்டான்.

சந்தை முடிஞ்ச மறுநாளே இங்க வந்துட்டேன். இதே எடத்துல நின்னு சத்தம் போட்டேன். "என்னம்மா வைத்தியம் பண்றீங்க? வாயு குடுத்த குதிரைக்கு நிக்கலை, தண்ணி ஊத்தின குதிரைக்கு நிக்குது! ஊரை ஏமாத்தறீங்களா?"

அந்தம்மா கையில இருந்த டம்ளரை மெதுவா கீழ வெச்சுச்சு. "அண்ணாச்சி, உங்க குதிரைக்கு வாயுன்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

வந்துட்டேன்.

ஆவணியில ஒரு ஞாயித்துக்கெழமை, சொல்லாமக் கொள்ளாம அது எங்க ஊட்டுக்கு வந்து நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் வாடிப் போயி இருந்துச்சு. சாமியப்பனும் அப்ப எங்க ஊட்டுலதான் இருந்தான். துளசிமணி மோர் குடுத்தா. குடிச்சுட்டு, பையில இருந்து ஒரு நோட்டை எடுத்துச்சு.

"அண்ணாச்சி, உங்க குதிரைக்கு ரத்தம் கம்மி. உண்ணி கடிச்சு, வேலையும் அதிகம். மொத நாள் எடுத்த ரத்தத்துல பதினொண்ணுக்குக் கம்மியா இருக்கு. ஆடியில ஊர்ல வந்து எடுத்ததுலயும் பதினொண்ணுக்குக் கம்மி. நடுவுல ரெண்டு தடவை மட்டும் பதினொண்ணு நல்லா இருக்கு, பன்னண்டுக்குக் கம்மியா இருக்கு. ரத்தம் பிடிச்ச குழாயை நான் மாத்தி வெச்சுட்டேன்னு, என் ஆராய்ச்சியைப் பாத்துக்கிற எங்க சார் சொல்றாரு. மூணு வருஷ வேலை அண்ணாச்சி. ரெண்டு குழாயை ஒழுங்கா வைக்கத் தெரியாதவ பண்ணின ஆராய்ச்சியை எப்படி நம்புறதுன்னு கேக்குறாரு. நான் மாத்தலை. எனக்கு நல்லாத் தெரியும், நான் மாத்தலை."



அது போனை எடுத்து ஒரு போட்டோவைக் காமிச்சுச்சு. ரெண்டாம் தடவை வைத்தியத்தப்ப எடுத்ததாம். பதினொண்ணாம் நம்பர் பட்டை தெரியுது, குதிரை பாதிதான் தெரியுது. சாமியப்பன் எட்டிப் பாத்தான். "அட, நம்ம ஹீரா! இடுப்புல சுழி இருக்குது பாருங்க, அரைகுறையாத் தெரியுது"ன்னான். சொல்லிட்டு அவனே, "பட்டை பன்னண்டில்ல?"ன்னான். அப்பறம் என்னைப் பாத்தான்.

அந்த எடத்துல வேற என்னங்க பண்றது? சொன்னேன். ஆமா, மாத்தினேன். வாயு அவனுக்கே போச்சுன்னு தெரிஞ்சுது, மாத்தினேன். சன்னல்ல வாசம் வந்துச்சு. நான் ஒண்ணும் குருடன் இல்லைன்னேன்.

டாக்டரம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கோவப்படும்னு நெனச்சேன். கண்ணு கலங்கிருச்சு. அப்பறம் சொல்லுச்சுங்க, இன்னைக்கு வரைக்கும் என்ற காதுல அது கேட்டுக்கிட்டே இருக்குது.

"அண்ணாச்சி, வாயு உள்ளே போச்சுன்னா வெளியே வாசனை வராது. உள்ளேயே கரைஞ்சிரும். வாயு இல்லாத குதிரைக்கும் மிஷினை ஓட்டணும், இல்லைன்னா சத்தத்தை வெச்சு எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க. அதனால குழாயை சன்னல் வழியா வெளியே விட்டோம். வாசனை வந்ததுன்னா அந்தக் குதிரைக்கு வாயு இல்லைன்னு அர்த்தம். சீட்டுல வாயு விழுந்தது உங்க நூரிக்கு. மொத நாள் நூரிக்குத்தான் போச்சு. நீங்க மாத்தினதுக்கு அப்புறம் ரெண்டு தடவையும் ஹீராவுக்குப் போச்சு."



என்ற கையாலயே எடுத்து அவனுக்குக் குடுத்திருக்கறேன். என்ற குதிரைக்கு வந்ததை. அந்தச் சன்னல்கிட்ட நின்னு நான் இழுத்து இழுத்து மோந்தது என்ற குதிரைக்கு இல்லாத வாயு.

இப்ப நீங்களே சொல்லுங்க. வாசனையை அப்படி வெளியே விடலாமுங்களா? மனுசன் என்னன்னு நெனப்பான்? நேரா விட்டிருந்தா நான் ஏன் மாத்தறேன்? அதை அவங்க யோசிக்கணுமா இல்லையா? படிச்சவங்க!

சாமியப்பன் எந்திரிச்சான். அடிச்சிருவான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "ஏன் மச்சான், என்கிட்டக் கேட்டிருந்தா நானே மாத்திக் கட்டச் சொல்லியிருப்பேனே"ன்னான். அவ்வளவுதான். துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். மறுநாள் ஆளு விட்டுச் சொல்லி அனுப்பறான், ஹீரா போடற குட்டி ஆணோ பொட்டையோ, அது மச்சானுக்குன்னு. எனக்கு! தர்மம் பண்றான் எனக்கு! வேண்டாம்னு சொல்லி விட்டேன். துளசிமணி அன்னையில இருந்து என்கிட்டப் பேசறதில்லை. சோறு போடறா, தண்ணி வைக்கறா, நான் கேட்டா தலையை ஆட்டறா. ஒரு நாள் மட்டும், சுவத்தைப் பாத்துக்கிட்டு, "என்ற தம்பிக்குக் கெடைக்கக் கூடாதுன்னு மாத்தினீங்க. அது அவனுக்கே போயிருச்சு. அதுவாவது நடந்துச்சே"ன்னா.

அந்த வாயுனாலதான் ஹீராவுக்கு நின்னுச்சான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். ஒரு குதிரையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்குது. நின்னதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், நூரிக்கு ரத்தம் கம்மியா இருந்ததும் ஒரு காரணமா இருக்கும்ங்குது. அப்ப எதுக்கோசரம் நான் இத்தனை நாளா தூங்காம இருக்கறேன்?

அப்பறம் ஒண்ணு கேட்டுச்சு. அதாங்க எனக்குத் தாங்கலை. "அண்ணாச்சி, நடந்ததை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க. போட்டோவுல சுழி சரியாத் தெரியலை, அதை வெச்சு எங்க சார் நம்ப மாட்டேங்குறாரு. நீங்க எழுதிக் குடுத்தா, இந்த ரெண்டு குதிரையை மட்டும் எடுத்துட்டு மத்த பதினெட்டைக் கணக்குல வெச்சுக்க விடுவாரு. இல்லைன்னா எல்லாத்தையும் மொதல்ல இருந்து பண்ணணும்."

எழுதணுமாம்! வாயில சொன்னது பத்தாதா? நாளைக்கு அந்தக் காகிதம் எங்கே போகும், யாரு படிப்பாங்க? அந்தியூர் வையாபுரி மச்சினன் குதிரைக்கு வந்ததைத் திருடப் பாத்தான்னு புஸ்தகத்துல போட்டு அச்சடிச்சா? பேர் வராது, நம்பர்தான் வரும்னு அது சொல்லுது. ஊர்ல பதினொண்ணு யாருன்னு தெரியாதாக்கும்? முடியாதுன்னுட்டேன்.

முடியாதுன்னு சொன்ன மறு வாரமே, "நூரியைக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி"ன்னு போன் பண்ணுது. ஆராய்ச்சிக்கு வெளியே, தனியா, மூணு தடவை வாயு போட்டுக் குடுத்துச்சு. உண்ணிக்கு மருந்து, ரத்தத்துக்கு மருந்து. காகிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே நின்னேன், அது பாட்டுக்கு வேலை பண்ணுச்சு. தப்பு இல்லாதவங்க எதுக்குங்க இப்படிப் பண்ணணும்? அவங்க மனசுல ஏதோ உறுத்துது, அதான்னு நெனச்சுக்கிட்டேன். போன மாசம் நூரியைச் சேர்த்தோம். இன்னைக்குப் பதினாறாம் நாளு.

இருங்க, கூப்பிடறாங்க. உங்க குதிரை தும்புக் கயித்தை அவுத்துக்கும் போல, பாத்துக்கங்க. இதா வந்தர்றேன்.

வந்துட்டேனுங்க. நீங்க இன்னும் போகலீங்களா? உங்க முறை வரலையா இன்னும்?

இல்லீங்க. நிக்கலை.

அதுவே வெளியே வந்து சொல்லுச்சு. கையைத் தொடைச்சுக்கிட்டே வந்து, "இந்தத் தடவையும் இல்லை அண்ணாச்சி"ன்னுச்சு. "ஆனா புண்ணு ஆறியிருக்கு. உள்ளே சுத்தமா இருக்கு. ரத்தமும் ஏறியிருக்கு. இப்பத்தான் அது குதிரையா இருக்கு அண்ணாச்சி, ஒரு மூணு மாசம் சும்மா விடுங்க, திங்கட்டும், நிக்கட்டும். பந்தயம் வேண்டாம். தையில பாப்போம்"ன்னுச்சு. தையில நீ இங்க இருப்பியாம்மான்னு கேட்டேன். சிரிச்சுச்சு. "இருப்பேன் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான். வேற இருவது குதிரை தேடிக்கிட்டு இருக்கேன்." சொல்லிட்டு, நூரி கழுத்தைத் தட்டிக் குடுத்துட்டு உள்ளே போயிருச்சு.

ரெண்டு வருசமுங்க. அந்தப் புள்ளைக்குக் கல்யாணத்துக்குப் பேசி வெச்சிருக்கறாங்களாம், படிப்பு முடியட்டும்னு நிக்குதாம். வேலைக்காரன் சொன்னான். உள்ளே போகும்போது அது நடந்த நடையைப் பாத்தேன். அலுத்துப் போன நடை. மஞ்சள் வெட்டி முடிச்சுட்டுப் போற பொம்பளைங்க நடப்பாங்களே, அப்படி.

ஏனுங்க, உங்க சட்டைப் பையில பேனா இருக்குதில்ல? காகிதம் ஒண்ணு இருக்குமா? அந்த மருந்துச் சீட்டுப் பின்னாடியே எழுதினாலும் ஆகும். நான் கண்ணாடி எடுத்துட்டு வரலை. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.

அந்தியூர் வட்டம், வையாபுரி ஆகிய நான். ஆமாங்க, அப்படியே. நூரி என்கிற குதிரையின் சொந்தக்காரன். எழுதியாச்சா? வாசனையைச் சன்னல் வழியாக வெளியே விட்டு என்னை ஏமாற்றிய காரணத்தினால். ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க. எழுதக் கூடாதா? சரி, அதை விடுங்க. சொந்தபந்தத்துக்குள்ளே எனக்கு எப்பவும் குறைவாகவே. அதுவும் வேண்டாமா? என்னங்க நீங்க, என்னைச் சொல்ல விட மாட்டேங்கறீங்க. சரி. அடிங்க. அடிச்சுட்டுக் கீழ எழுதுங்க.

மாசி மாசம், ரெண்டாம் தடவை வைத்தியத்துக்கு முன்னாடி, மத்தியானம், கொட்டகையில யாரும் இல்லாதபோது, பதினொண்ணாம் நம்பர் பட்டையையும் பன்னண்டாம் நம்பர் பட்டையையும் மாத்திக் கட்டியது நான். என் மச்சினன் சாமியப்பனுக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியாது. ரத்தம் புடிச்ச குழாயை யாரும் மாத்தி வைக்கலை.

படிச்சுக் காட்டுங்க.

ம்.

அவ்வளவுதானா? இத்தனை நேரம் உங்ககிட்டப் பேசினேனே, அது நாலு வரிக்குள்ள அடங்கிருச்சா?

குடுங்க இங்க. எந்த எடத்துலங்க கையெழுத்து? கீழயா?